தீட்டத் தெரிந்தவன் தூக்கி எறிய மாட்டான்

பட்டிமன்றத் தலைப்பு: அன்றாட வாழ்க்கைக்கு நிறைவு தருவது பழைய பொருளைப் பேணிப் பயன்படுத்துவதா? புதிய பொருளை வாங்கிப் பயன்படுத்துவதா?

அணி: பழைய பொருளைப் பேணிப் பயன்படுத்துவதே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரணியிலே உட்கார்ந்து, பதினைந்து நிமிஷம் பட்டிமன்றப் பேச்சாளராகத் தொடங்கி, கடைசியிலே ஒரு கடைக்காரராகவே மாறிப் போய்விட்ட அருமை நண்பர்களே! (சிரிப்பு) இந்த அரங்கத்திலும், வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலும் அமர்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! 

எனக்கு முன்னாலே பேசின எதிரணி நண்பர் ஒரு சவால் விட்டார். "பழசு, பழசுன்னு மேடையிலே முழங்குறீங்களே, உங்க அணியிலே யாராவது ஒருத்தர் காலையிலே எழுந்ததும் நூறு வருஷத்துப் பொருளைத் தொடுறவர் உண்டா? எல்லாரும் புதுசைத்தானே தொடுறீங்க?" அப்படின்னு கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. நடுவர் ஐயாவும் லேசா ஒரு சிரிப்புச் சிரிச்சார்.

ஐயா, நான் தொட்டுட்டுத்தான் வந்திருக்கேன். கையாலே மட்டும் இல்லே, கன்னத்தாலேயும் தொட்டுட்டு வந்திருக்கேன். இன்னிக்குக் காலையிலே நான் முகச்சவரம் பண்ணினது 120 வருஷத்துக்கு மேலே பழசான ஒரு சவரக்கத்தியாலே.

நடுவர்: கத்தின்னா? பிளேடு மாட்டுற ரேசரா?

இல்லீங்க ஐயா. பிளேடே கிடையாது. முழுக்கத்தி. மடக்கு கத்தி. அந்தக் காலத்திலே சலூன்லே தோல் வாரிலே இப்படியும் அப்படியும் இழுத்துத் தீட்டுவாங்களே, அதே கத்தி.

நடுவர்: ஏம்ப்பா, யாராவது கிட்டே போய் அவர் முகத்தைப் பாருங்கப்பா. எத்தனை பிளாஸ்திரி ஒட்டியிருக்குன்னு! (பலத்த சிரிப்பு)

ஐயா, கிட்டே வந்தே பார்க்கலாம். ஒரு கீறல் கிடையாது. பளபளன்னு இருக்கும். என் மனைவி இந்த அரங்கத்திலேதான் இருக்காங்க. இந்த விஷயத்திலே மட்டும் அவங்க எனக்குச் சாட்சி சொல்லுவாங்க. மத்த விஷயத்தை நீங்க கேட்காதீங்க. (சிரிப்பு, கைதட்டல்)

அந்தக் கத்தியைப் பத்திச் சொல்றேன். எங்க அப்பா 1970களிலே சென்னை மூர் மார்க்கெட்டிலே வாங்கினது. 1985லே அந்த மூர் மார்க்கெட்டே தீக்கிரையாகிப் போச்சு. அங்கேயிருந்து முன்கூட்டியே பிழைச்சு எங்க வீட்டுக்கு வந்து சேர்ந்த பொருள் இது. கத்தியோட அலகுக்கும் பிடிக்கும் நடுவிலே கழுத்து மாதிரி ஓர் இடம் இருக்கும். அங்கே ஒரு கிரீடம் பொறிச்சிருக்கு. பக்கத்திலே வி, ஆர்னு ரெண்டு எழுத்து. கீழே ஷெஃபீல்டுன்னு ஊர்ப் பெயர். வி.ஆர்.னா விக்டோரியா ராணி. அந்த அம்மா ஆண்டது 1837லேருந்து 1901 வரைக்கும். அப்ப கத்திக்கு என்ன வயசுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. விக்டோரியா மகாராணிக்குத் தாடி கிடையாது. ஆனாலும் அவங்க பேரைச் சவரக்கத்தியிலே போட்டிருக்கான் பாருங்க! (சிரிப்பு)

அந்த ராணி போயாச்சு. அவங்க சாம்ராஜ்யமும் போயாச்சு. கத்தி மட்டும் இன்னிக்குக் காலையிலேயும் வேலைக்கு வந்துச்சு! (கைதட்டல்)

எப்படிய்யா ஒரு பொருள் இத்தனை காலம் நிக்குது? அது எஃகிலே இருக்கு. இங்கிலாந்திலே 1740களிலே பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன்னு ஒருத்தர். கடிகாரம் செய்யிறவர். கடிகாரத்துச் சுருள்வில்லுக்கு நல்ல எஃகு கிடைக்கலையேன்னு தவிச்சார். மண்ணாலே மூசை செய்து, அதுக்குள்ளே எஃகைப் போட்டு, முழுசா உருகுற வரைக்கும் காய்ச்சி, ஒரே சீரான எஃகை எடுத்தார். அதுக்குப் பிறகுதான் ஷெஃபீல்டுக் கத்தின்னா உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனா நடுவர் அவர்களே, மூசையிலே எஃகு காய்ச்சுறது அவங்களுக்குத்தான் புதுசு. நம்ம ஆளுங்க அதைப் பல நூற்றாண்டுக்கு முன்னாலேயே செய்துகிட்டிருந்தாங்க. நம்ம கொங்கு நாட்டுக் கொடுமணலிலே தோண்டிப் பார்த்தப்ப, இரும்பு காய்ச்சின உலைகளோட தடயம் கிடைச்சிருக்கு. தென்னிந்தியாவிலே செய்த அந்த எஃகுக் கட்டிக்கு வெள்ளைக்காரன் வச்ச பேர் 'ஊட்ஸ்'. 'உக்கு', 'உருக்கு'ங்கிற நம்ம பக்கத்துச் சொல்தான் அவன் வாயிலே அப்படி ஆச்சுன்னு அறிஞர்கள் பலர் சொல்றாங்க.

அந்த எஃகு 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலே லண்டனுக்குப் போச்சு. அங்கே ஜேம்ஸ் ஸ்டோடார்ட்னு ஒரு தொழிலாளி. அறுவைச் சிகிச்சைக் கருவியும் சவரக்கத்தியும் செய்து விக்கிறவர். அவர் தன் கடையோட விளம்பர அட்டையிலேயே என்ன அச்சடிச்சார் தெரியுமா? ஐரோப்பாவிலே கிடைக்கிற நல்ல எஃகைவிட இந்தியாவிலேருந்து வர்ற இந்த எஃகுதான் தன்னோட தேர்வுன்னு அச்சடிச்சார்! (கைதட்டல்) அவரோட கூட்டுச் சேர்ந்து இந்த எஃகை ஆராய்ந்தவர் யாரு? மின்சாரத்தின் தந்தைன்னு நாம பள்ளிக்கூடத்திலே படிக்கிறோமே, அந்த மைக்கேல் ஃபாரடே. அவர் ஒரு கொல்லருடைய மகன். ரெண்டு பேரும் 1820லேயும் 1822லேயும் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. எஃகிலே ஐந்நூற்றில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்துப் பார்த்தாங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு ஷெஃபீல்டுக்காரங்க கத்தியிலே 'வெள்ளி எஃகு'ன்னு முத்திரை குத்தி வித்தாங்க. ஆக, ஒரு சவரக்கத்திக்குப் பின்னாலே ஒரு கடிகாரக்காரர், ஒரு விஞ்ஞானி, நம்ம ஊர் உலைக்களத்திலே வியர்வை சிந்தின பேர் தெரியாத கொல்லர்கள், இத்தனை பேர் நிக்கிறாங்க.

இப்ப மெயின் விஷயத்துக்கு வர்றேன். எதிரணி நண்பர் சொன்னார்: "பழைய கத்தி மழுங்கிப் போகும்." உண்மைதான். மறுக்கவே மாட்டேன். ஆனா அவர் வச்சிருக்கிற புது பிளேடு மட்டும் மழுங்காதா?

அமெரிக்காவிலே எம்.ஐ.டி.ன்னு பெரிய தொழில்நுட்ப நிறுவனம். அங்கே 2020லே ஓர் ஆராய்ச்சி பண்ணி, 'சயின்ஸ்' இதழிலே வெளியிட்டாங்க. பிளேடு எஃகைவிட நம்ம முடி ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. அவ்வளவு மென்மையான முடி எப்படி இரும்பை மழுங்க அடிக்குது? மைக்ராஸ்கோப் வச்சுப் பார்த்தாங்க. முடி வளைஞ்சு, ஒரு கோணத்திலே வந்து கூரிலே மோதும்போது, எஃகிலே எங்கே சீரில்லாம இருக்கோ அந்த இடத்திலே பொடிப் பொடியா சில்லு பேர்ந்து போகுதுன்னு கண்டுபிடிச்சாங்க.

அப்ப என்ன தெரியுது? மழுங்காத கத்தின்னு உலகத்திலே ஒண்ணு கிடையவே கிடையாது. பழசும் மழுங்கும், புதுசும் மழுங்கும். மழுங்கின பிறகு நாம என்ன பண்றோம்? தீட்டுறோமா, தூக்கி எறியிறோமா? இதுதானய்யா இந்தப் பட்டிமன்றம்! (பலத்த கைதட்டல்)

தீட்டுறதுன்னா பெரிய மந்திரம் இல்லே. தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லே, அரிவாள்மணைக்குச் சாணை பிடிச்சவங்க நீங்க. சவரக்கத்திக்கு ரெண்டு வேலை. தினமும் தோல் வார், எப்பவாவது கல். தோல் வாரை ஜன்னல் கம்பியிலே மாட்டி விறைப்பா இழுத்துப் பிடிச்சுக்கணும். கத்தியோட முதுகு முன்னாலே போகணும், கூர் பின்னாலே வரணும். திருப்புறப்ப முதுகுமேலேயே திருப்பணும். கூர் தோலிலே குத்தவே கூடாது. நான் தினமும் ஐம்பது தடவை இழுப்பேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. முந்தின நாள் கலைஞ்சு போன கூர் அதிலே நேராகிடும்.

வார் போதாம முடி இழுபடுதுன்னா, அப்ப கல். என் கத்திக்கு வருஷத்திலே ரெண்டு தடவையோ மூணு தடவையோதான். இதிலே ஓர் அதிசயம் இருக்கு. கத்தியைக் கல்மேலே படுக்க வச்சா, முதுகும் கூரும் ஒரே நேரத்திலே கல்லைத் தொடும். முதுகோட கனம் எவ்வளவோ, அதுதான் கூரோட கோணத்தை முடிவு பண்ணுது. தனியா அளவுகோல் எதுவும் வேண்டாம். தன்னைத் தீட்டுறதுக்கான அளவைத் தன் உடம்பிலேயே வச்சுக்கிட்டுப் பிறந்த பொருள் அது! செய்தவன், "இது ஒருநாள் மழுங்கும், வாங்கினவன் தீட்டணும்"னு முன்கூட்டியே நினைச்சுச் செய்திருக்கான். ஐயா, உங்க வீட்டிலே புதுசா வாங்கின பொருள் எத்தனையை அப்படி நினைச்சுச் செய்திருக்காங்க? ஒரு திருகாணி கழண்டா, திறக்கவே முடியாம ஒட்டியில்ல வச்சிருக்கான்! (சிரிப்பு, கைதட்டல்)

சரி, தூக்கி எறியிற பழக்கம் எங்கேயிருந்து வந்தது? அதுவும் இந்தக் கன்னத்துலேருந்துதான் வேகம் பிடிச்சது! அமெரிக்காவிலே கிங் கேம்ப் ஜில்லெட்னு ஒருத்தர். சோடா பாட்டிலுக்கு மூடி செய்யிற கம்பெனியிலே ஊர் ஊராப் போய் விக்கிற வேலை. அந்த மூடியைக் கண்டுபிடிச்ச வில்லியம் பெயின்ட்டர் அவருக்கு ஒரு யோசனை சொன்னார். ஒருதரம் பயன்படுத்திட்டு எறியிற மாதிரி ஏதாவது ஒண்ணைக் கண்டுபிடி, வாங்கினவன் திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருப்பான்னு. பாட்டில் மூடி மாதிரி!

1895லே ஒருநாள் காலையிலே ஜில்லெட்டோட சவரக்கத்தி மழுங்கிப் போச்சு. வாரிலே இழுத்தும் சரிவரலே. கல்லிலே தீட்டணும். அந்த நேரத்திலே அவருக்குப் பொறி தட்டிச்சு: எதுக்குத் தீட்டணும்? மெல்லிசா ஒரு தகடு செய்வோம், மழுங்கினா எறிவோம்! அவ்வளவு மெல்லிசான தகட்டைப் பதப்படுத்த முடியாதுன்னு விவரம் தெரிஞ்சவங்க கைவிரிச்சாங்க. வில்லியம் நிக்கர்சன்னு ஒரு பொறியாளர் வந்து செய்து காட்டினார். 1903லே கடைக்கு வந்தது. முதல் வருஷம் வித்தது 51 ரேசர், 168 பிளேடு. அவ்வளவுதான். 1918லே அமெரிக்கா உலகப்போருக்குப் போன சிப்பாய்களுக்குக் கொடுத்தது 35 லட்சம் ரேசர், 3 கோடியே 20 லட்சம் பிளேடு! சண்டை முடிஞ்சு வீட்டுக்கு வந்தவன், துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துட்டான். எறியிற பழக்கத்தை மட்டும் கையோட கொண்டு வந்துட்டான். (கைதட்டல்)

அவர் மூளையை நான் குறை சொல்லலே. பெரிய மூளை. ஆனா எறியிறதுக்கு ஒருதரம் பழகிட்டா அது எங்கே நிக்கும்? 1971லே ரெண்டு பிளேடு வச்ச ரேசர். 1975லே பிளேடு மட்டும் இல்லே, கைப்பிடியோட சேர்த்தே எறியிற ரேசர். 1998லே மூணு பிளேடு. 2003லே நாலு. 2006லே அஞ்சு! பஞ்சபாண்டவரும் வந்தாச்சு. இனி நூத்துவரையும் கொண்டு வந்துட்டா என் கன்னம் குருட்சேத்திரம்தான்! (பலத்த சிரிப்பு)

நடுவர்: கிருஷ்ணரையும் விலை போட்டு வித்துடுவாங்க! (சிரிப்பு)

ஐயா, ஒரு சின்னக் கணக்கு. வாரத்துக்கு ஒரு பிளேடுன்னு வச்சுக்குவோம். வருஷத்துக்கு 52. முப்பது வருஷத்திலே 1,560. இது ஒரு மனுஷன், ஒரே ஒரு கன்னத்து ஜோடி! இந்த 1,560 கூரான துண்டும் எங்கே போச்சு? குப்பையிலே போச்சு. குப்பையைக் கையாலே அள்ளுறது யாரு? காலையிலே நம்ம தெருவுக்கு வர்ற அந்தத் துப்புரவுத் தொழிலாளி. நாம பளபளன்னு வெளியே கிளம்புறோம்; நம்ம பிளேடு அவர் விரலைக் கிழிக்குது. பிளேடு பயன்படுத்துறவங்க தயவுசெய்து அதை ஒரு தகர டப்பாவிலே சேர்த்து, மூடிப் போடுங்க. பட்டிமன்றத் தீர்ப்பு எப்படி வந்தாலும் சரி, இதை மட்டும் செய்யுங்க. (கைதட்டல்)

இப்ப எதிரணியோட மூணு குற்றச்சாட்டுக்கு வர்றேன்.

முதல் குற்றச்சாட்டு: ஆபத்து. ஆமாங்க, ஆபத்தான பொருள்தான். பிள்ளைகள் கைக்கு எட்டாம பூட்டித்தான் வைக்கணும். ஆனா அந்த ஆபத்தே ஒரு பாடம் சொல்லித் தருது. வெந்நீராலே முகத்தைக் கழுவி, முடி நல்லா ஊறணும். சோப்பு நுரையைப் பிரஷ்ஷாலே சுழற்றிப் போடணும். ஒரு கையாலே தோலை இழுத்துப் பிடிச்சு, இன்னொரு கையாலே கத்தியை ஏறக்குறைய 30 டிகிரி சாய்வா வச்சு, முடி வளர்ற திசையிலேயே சின்னச் சின்னதா இறக்கணும். அழுத்தவே கூடாது, கத்தியோட கனமே போதும். பக்கவாட்டிலே மட்டும் இழுத்துடக் கூடாது. குழிவா சாணை பிடிச்ச மெல்லிய அலகா இருந்தா முடி வெட்டுப்படுற சத்தம் ரீங்காரம் மாதிரி கேட்கும். கூர் சரியா இருக்கா, கோணம் சரியா இருக்கான்னு காதே சொல்லிடும்.

அந்தப் பதினைந்து நிமிஷமும் மனசு வேறே எங்கேயும் போகாது. போக முடியாது! செல்போனை ஒரு கையிலே வச்சுக்கிட்டு இந்தச் சவரம் பண்ண முடியுமா? ஆபீஸ்லே மேனேஜர் திட்டினதை நினைக்க முடியுமா? நினைச்சா, மேனேஜர் மிச்சம் வச்சதைக் கத்தி முடிச்சிடும்! (பலத்த சிரிப்பு) தியானம் பண்ணுங்கன்னு எத்தனையோ பேர் சொல்றாங்க. கண்ணை மூடினா எனக்குத் தூக்கம்தான் வருது. கண்ணைத் திறந்துக்கிட்டே மனசை ஒரே இடத்திலே நிறுத்தக் கத்துக் கொடுத்தது இந்தக் கத்திதான்.

ரெண்டாவது குற்றச்சாட்டு: நேரம் வீண். அமெரிக்கப் பெரியவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையிலே ஒரு கருத்துச் சொல்லியிருக்கார். ஓர் ஏழைப் பையனுக்கு ஆயிரம் கினி தங்கக்காசு கொடுக்கிறதைவிட, தானே சவரம் பண்ணிக்கவும் தன் கத்தியைத் தானே பேணவும் கத்துக் கொடுத்தா அவன் வாழ்க்கைக்கு அதிக சந்தோஷம்ங்கிறார். காசு செலவாகிடும், கை கத்துக்கிட்டது தினம் தினம் பலன் தரும். பிரான்ஸ் நாட்டிலே ழான் ழாக் பெரேன்னு ஒரு கத்தி செய்யிறவர், தனக்குத் தானே சவரம் செய்துகொள்வது எப்படின்னு 1769லே ஒரு புத்தகமே போட்டார். அந்தக் காலத்திலே, ஒருநாளைக்கு ஒண்ணுன்னு ஏழு கத்தி வச்ச பெட்டிகூட வித்திருக்காங்க. ஒவ்வொரு கத்தியிலேயும் கிழமை பேர் எழுதியிருக்கும். எங்க வீட்டிலே அந்தப் பெட்டி வாங்கலாம்னு கேட்டேன். "ஏழு நாளைக்கு ஏழு கத்தியா? எனக்கு ஏழு நாளைக்கு ஏழு பட்டுப்புடவை வாங்குங்க, பிறகு பார்க்கலாம்"னுட்டாங்க. ஒரே கத்தியோட நிறுத்திக்கிட்டேன்! (சிரிப்பு)

மூணாவது குற்றச்சாட்டு: நோய் தொற்றும். இது நியாயமான குற்றச்சாட்டு. எதிரணிக்கு இதிலே நான் தலைவணங்குறேன். சலூன்லே ஒரே கத்தியைப் பல பேருக்குப் போடக் கூடாது. மஞ்சள்காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் ரத்தத்திலே பரவும். கடையிலே ஆளுக்கு ஒரு புது பிளேடு மாத்துறதுதான் சரி. நீங்களும் கேட்டு மாத்தச் சொல்லுங்க. ஆனா வீட்டிலே ஒருத்தருக்கு ஒரு கத்தி இருந்தா அந்தப் பேச்சே இல்லையே! ஒரு பல்துலக்கி மாதிரிதான்.

எங்க தெரு சலூன்லே ஒரு பெரியவர் இருந்தார். எனக்குக் கல்லிலே தீட்டச் சொல்லிக் கொடுத்த குரு அவர். காலம் மாறினப்ப கடையிலே பாதி பிளேடு மாட்டுற கத்திக்கு மாறினார். "தம்பி, ஜனங்களுக்கு நல்லதுன்னா மாறித்தான் ஆகணும்"னார். ஆனா தன் பழைய கத்திகளை அவர் விக்கலே. எண்ணெய் தடவித் துணியிலே சுத்தி, அடைப்பத்திலே வச்சிருந்தார். ஒருநாள் சொன்னார்: "முன்னெல்லாம் இவன் நல்லாத் தீட்டுறான்னு தேடி வருவாங்க. இப்ப தீட்டுற வேலையே இல்லே. கடையிலே வாங்குற பிளேடு எல்லார் கையிலேயும் ஒரே பிளேடுதானே?" நடுவர் அவர்களே, ஒரு கருவியை எறியும்போது அந்தக் கருவியோட கை வித்தையும் சேர்ந்து போகுது. அந்தக் கைக்கு ஊர் கொடுக்க வேண்டிய மரியாதையை நாம ஒழுங்காக் கொடுத்ததும் இல்லே. இந்த மேடையிலேயாவது அந்தக் கைகளுக்கு ஒரு வணக்கம் சொல்றேன். (பலத்த கைதட்டல்)

இதைக் கேட்டு யாராவது பழைய கத்தி வாங்க ஆசைப்பட்டா, ரெண்டு வார்த்தை. கூரிலே விரிசல் இருந்தா தொடாதீங்க. கூர் வரைக்கும் துரு அரிச்சிருந்தாலும் வேண்டாம். செல்லுலாயிட் பிடி சிலது வயசானா கெட்டுப்போய், தானே ஆவியை விட்டு அலகையும் துருப்பிடிக்க வைக்கும், அதையும் தவிருங்க. வாங்கினதை நல்லாச் சுத்தம் பண்ணி, கிருமி நீக்கி, தெரிஞ்சவர் கையாலே தீட்டின பிறகுதான் முகத்துக்குக் கொண்டு போகணும். சவரம் முடிஞ்சதும் ஈரம் போகத் துடைச்சு வைக்கணும். பழைய எஃகுக்கு ஈரம்தான் எமன்.

(மணி ஒலிக்கிறது)

இன்னும் ஒரே நிமிஷம் ஐயா. எங்க அப்பாவைப் பத்திச் சொல்லாம இறங்க முடியாது.

எங்க அப்பா அதிகம் பேச மாட்டார். எனக்கும் அவருக்கும் நடுவிலே பேச்சு ரொம்பக் குறைவு. கடைசி ரெண்டு வருஷம் அவருக்குக் கை நடுக்கம் வந்துடுச்சு. டம்ளரைப் பிடிச்சா தண்ணி சிந்தும். கத்தியை எடுக்க முடியலே. எங்க அம்மா, "எறியிற ரேசர் வாங்கித் தர்றேன்"னாங்க. வேண்டாம்னுட்டார். "தாடி இருந்துட்டுப் போகட்டும்"னு சொல்லி, கண்ணாடியைப் பார்க்கிறதையே நிறுத்திட்டார். தினமும் சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ற மனுஷன், தாடியோட மூலையிலே உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் நான் அந்தக் கத்தியை எடுத்தேன். வாரை ஜன்னல்லே மாட்டித் தீட்டினேன். அப்பா பார்த்துக்கிட்டே இருந்தார். துண்டைப் போர்த்தி, நுரை போட்டு, அவர் கன்னத்திலே கை வச்சேன். நாற்பது வயசுக்கு மேலே ஆன பிறகு, எங்க அப்பா கன்னத்தை நான் தொட்டது அன்னிக்குத்தான். அந்தக் கன்னம் அவ்வளவு மெலிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியாது. கத்தி கழுத்துக்கிட்டே வந்தப்ப, அவர் கண்ணை மூடிக்கிட்டார். பயந்து மூடலே. நம்பி மூடினார். (அரங்கத்தில் அமைதி)

முடிச்சதும் ஏதாவது சொல்லுவாரான்னு பார்த்தேன். கன்னத்தைத் தடவிப் பார்த்துட்டுச் சொன்னார்: "நாளைக்கு வாரிலே இன்னும் பத்து இழுப்பு சேர்த்து இழு." அவ்வளவுதான். (சிரிப்பு, கைதட்டல்) ஆனா அந்த 'நாளைக்கு'ங்கிற வார்த்தை இருக்கு பாருங்க, அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த வேலை எனக்குக் கிடைச்சது. ரெண்டு வருஷத்திலே நாங்க பேசின பேச்சு, அதுக்கு முன்னாலே நாற்பது வருஷத்திலே பேசினதில்லே. எறியிற ரேசர் வாங்கியிருந்தா, அவர் பாட்டுக்கு அவர், நான் பாட்டுக்கு நான்.

நடுவர் அவர்களே! எங்க அணி புதுசையே வாங்காதேன்னு சொல்லலே. மருந்து புதுசா வேணும், சலூன்லே பிளேடு புதுசா வேணும். நாங்க சொல்றது, வாங்கின பொருள் ஒருநாள் மழுங்கும். அன்னிக்கு உன் கை எங்கே போகுதுன்னு பார். குப்பைத் தொட்டிக்குப் போகுதா, சாணைக்கல்லுக்குப் போகுதா? மழுங்கினது எல்லாம் குப்பைக்குப் போற வீட்டிலே வளர்ற பிள்ளை, பொருளை மட்டும்தான் எறியக் கத்துக்கும்னு என்ன நிச்சயம்? வயசானா மனுஷனும் மழுங்குறான். காது மழுங்குது, ஞாபகம் மழுங்குது. ஒரு கத்தியைத் தினமும் ஐம்பது தடவை பொறுமையா இழுக்கிற அப்பாவைப் பார்த்து வளர்ற பிள்ளைக்கு, அந்தப் பொறுமை மனுஷங்ககிட்டேயும் வரும்னு நான் நம்புறேன். புதுப்பொருள் வசதி தரும், மறுக்கலே. நிறைவு தர்றது, நாம பேணி வச்சதாலே நம்மோட நிக்கிற பொருள்தான்!

தீட்டத் தெரிஞ்ச கை தூக்கி எறியாது என்று சொல்லி, அன்றாட வாழ்க்கைக்கு நிறைவு தருவது பழைய பொருளைப் பேணிப் பயன்படுத்துவதே என்ற நல்ல தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)